மலைமேல் கோட்டை: கற்பனை நிலப்பரப்பு ஒட்டுப்படத்தில் வெளிச்சத்தையும் பெர்ஸ்பெக்டிவையும் சரிசெய்வது எப்படி?

பள்ளத்தாக்கின் மேல் கோட்டை, மிதக்கும் பாறை, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு நிலா. பல போட்டோக்களை ஒட்டி இப்படிப்பட்ட படங்களைச் செய்யப் பழகுகிறவர்கள் முதலில் கத்தரிப்பதில்தான் உழைப்பைக் கொட்டுகிறார்கள். ஓரம் பிசிறில்லாமல் வந்திருக்கும், மரத்தின் இலைகூட விட்டுப்போயிருக்காது. ஆனாலும் பார்த்தவுடனே ஒட்டியது என்று தெரிந்துவிடும்.

காரணம் பெரும்பாலும் இரண்டுதான். மலையை எடுத்த கேமரா இருந்த உயரம் ஒன்று, கோட்டையை எடுத்த கேமரா இருந்த உயரம் வேறு. மலையில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது, கோட்டையில் வலப்பக்கமிருந்து. கற்பனைப் படத்தில் பாறை மிதந்தால் பார்க்கிறவர் ஏற்றுக்கொள்வார். ஒரே படத்துக்குள் இரண்டு கண்மட்டமும் இரண்டு சூரியனும் இருந்தால் ஏற்றுக்கொள்ளமாட்டார். எங்கே தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கண் உறுத்தும்.

பெர்ஸ்பெக்டிவ் (பார்க்கும் இடத்தைப் பொறுத்துப் பொருளின் கோணமும் அளவும் தெரியும் விதம்), வெளிச்சம் ஆகிய இந்த இரண்டும் எந்தப் படங்களை எடுத்து ஒட்டப் போகிறோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. பிறகு மென்பொருளில் செய்வதெல்லாம் சின்னச் சின்னத் திருத்தம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்குமேல் படத்தைப் பார்ப்பது பற்றியே இருக்கும். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் நேரம் நிறைய மிச்சமாகும்.

ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவோம். நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் ஏதோ ஒரு வளைவில் நின்று சாயங்காலம் நீங்கள் எடுத்த பள்ளத்தாக்குப் படம் இருக்கிறது என்று வையுங்கள். எதிர்முகட்டில் ஒரு கோட்டை, மேலே நிலா, முன்னால் பாறையில் கைவிளக்கோடு ஒருவர். இதுதான் நாம் செய்யப்போகும் படம்.

என்ன வேண்டும்

போட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ போதும், இலவசமான கிம்ப் போதும். கிம்ப் 2025-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, போட்ட ஃபில்டரைப் பிறகு திறந்து மாற்றவும் வழி தருகிறது. லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), மாஸ்க் (கருப்பு பட்ட இடத்தை மறைத்து, வெள்ளை பட்ட இடத்தைக் காட்டும் திரை), வெளிச்சத்தைத் திருத்தும் கர்வ்ஸ், லெவல்ஸ், கீழ் லேயரோடு கலந்து இருட்டாக்கும் மல்டிப்ளை, வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும். முடிந்தால் 16 பிட்டில் (நிறத்தின் படிநிலைகள் கூடுதலாக இருக்கும் அமைப்பில்) வேலை செய்யுங்கள். 8 பிட்டில் வானத்தை இழுத்து இழுத்துத் திருத்தினால் வண்ணம் பட்டை பட்டையாகப் பிரியும்.

போட்டோக்களை ஒட்டும் கலை கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முந்தியது. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850-களிலேயே கடலை ஒரு நெகடிவிலும் வானத்தை இன்னொரு நெகடிவிலும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அன்றைய தகடு நீல ஒளிக்கு மிகவும் கூர்மையானது, கடல் சரியாக வருவதற்குள் வானம் வெளிறிப்போகும். போட்டோஷாப் 1990-இல் வந்தது, அதில் லேயர் சேர்ந்தது 1994-இல். கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் வானத்தின் வெளிச்சமும் கடலின் வெளிச்சமும் ஒத்துப்போக வேண்டும் என்ற கவலை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

முதல் வேலை: அடிப்படைப் படத்தைப் படிப்பது

பள்ளத்தாக்குப் படம்தான் எஜமான், மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அதனால் எதையும் ஒட்டுவதற்கு முன் அதன் மேல் ஒரு காலி லேயர் போட்டு, சிவப்பு பிரஷால் நாலு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அடிவானக் கோடு எங்கே, சூரியன் எந்தப் பக்கம் எவ்வளவு உயரத்தில், தூரத்து முகடுகள் எவ்வளவு வெளுத்திருக்கின்றன, எந்த லென்ஸில் எடுத்தது. லென்ஸ் விவரம் ஃபைலின் எக்ஸிஃப் தகவலில் (கேமரா தானாகவே ஃபைலுக்குள் எழுதிவைக்கும் குறிப்பில்) இருக்கும். இந்தக் குறிப்பு லேயரைக் கடைசிவரை அழிக்காதீர்கள்.

இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் அடிவானக் கோடு. மலையும் வானமும் சந்திக்கும் விளிம்பை அடிவானம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது மலையின் விளிம்பு மட்டும்தான். நாம் தேடும் அடிவானக் கோடு கேமராவின் கண்மட்டம். கடற்கரையில் நின்று எடுத்தால் கடல் முடியும் கோடு அது. மலைப்பகுதியில் அது மலைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும், நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. படத்தில் கட்டடம் இருந்தால், அதன் கூரை விளிம்பையும் ஜன்னல் வரிசையையும் நேர்கோடாக நீட்டிப் பாருங்கள். நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடைமட்டமாக ஓடும் கோடுகள் படத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளி அடிவானக் கோட்டின்மேல்தான் இருக்கும். சமதரை ரோடு இருந்தால் அதன் இரண்டு ஓரங்களும் இதே வேலையைச் செய்யும். ஏறுகிற ரோட்டை நம்பாதீர்கள், அதன் ஓரங்கள் கண்மட்டத்துக்கு மேலே போய்ச் சேரும். தூரத்தில் சமவெளி தெரிந்தால் அது மூட்டத்தில் கரையும் இடத்தை அடிவானமாக வைத்துக்கொள்ளலாம். எதுவுமே இல்லையென்றால், கேமராவை மேலேயும் கீழேயும் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்திருந்தால், படத்தின் நட்டநடுவில்தான் அடிவானக் கோடு இருக்கும். இனி எடுக்கப்போகும் படங்களுக்கு இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: போனை நேராகப் பிடித்து ஒரு படம், அப்புறம் உங்கள் இஷ்டப்படி சாய்த்து இன்னொரு படம்.

கண்மட்டம் எப்படி வேலை செய்கிறது

சமதரையில் நின்று 1.6 மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுத்த படத்தில், அதே தரையில் நிற்கும், கண்கள் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் எல்லோருடைய கண்களையும் அடிவானக் கோடு தொட்டுக்கொண்டு போகும். பக்கத்தில் நிற்பவர் படத்தில் பெரிதாக இருப்பார், தூரத்தில் நிற்பவர் எறும்பளவு இருப்பார். இருவர் கண்ணும் ஒரே கோட்டில்தான் இருக்கும். ஒட்டிய ஆட்கள் குள்ளர்களாகவோ ராட்சதர்களாகவோ தெரிவது இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால்தான்.

இதிலிருந்தே அளவு கணக்கிடலாம். ஆளை நிற்கவைக்கப்போகும் இடத்தில் அவருடைய பாதம் படும் புள்ளியைக் குறியுங்கள். அங்கிருந்து நேர்மேலே அடிவானக் கோடுவரை எத்தனை பிக்சல் என்று அளந்து பாருங்கள். 600 பிக்சல் வந்தது என்று வையுங்கள். கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தது என்றால், அந்த இடத்தில் 600 பிக்சல் என்பது 1.5 மீட்டர். ஆகவே 1.7 மீட்டர் ஆள் அங்கே 680 பிக்சல் உயரம் இருக்க வேண்டும். அதே படத்தில் பாதப்புள்ளி அடிவானத்துக்கு 150 பிக்சல் கீழே இருந்தால் ஆள் 170 பிக்சல்தான். கேமராவும் ஆளும் ஒரே சமதரையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். சரிவில் ஆளை நிறுத்துவதானால், அவர் நிற்கும் இடம் கேமரா நின்ற தரையைவிட எத்தனை மீட்டர் தாழ்வு அல்லது உயரம் என்று உத்தேசித்துக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

மலைமேல் நின்று எடுத்த படத்தில் இதே விதி பெரிய அளவில் வேலை செய்கிறது. எதிர்மலையில் அடிவானக் கோடு வெட்டும் இடமெல்லாம் நீங்கள் நின்ற அதே உயரத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது உங்களைவிட உயரம், கீழே இருப்பது தாழ்வு. நம் படத்தில் கோட்டை வைக்கப்போகும் முகடு அடிவானக் கோட்டுக்கு மேலே இருந்தால், அந்தக் கோட்டையை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். கூரையின் மேற்பரப்பு பெரிதாகத் தெரியக்கூடாது, முற்றம் தெரியவே கூடாது.

கோட்டையைத் தேர்ந்தெடுப்பது

கற்பனைப் படம் செய்யும் எல்லோரும் ஒருமுறையாவது தேடிப் போகும் கோட்டை ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கும் நாய்ஷ்வான்ஸ்டைன். இரண்டாம் லுட்விக் மன்னருக்காக 1869-இல் கட்டத் தொடங்கியது. இணையத்தில் கிடைக்கும் அதன் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து எடுத்தவை: கோட்டைக்குத் தெற்கே, மலையிடுக்கின் குறுக்கே சுமார் 90 மீட்டர் உயரத்தில் தொங்கும் மரியன்ப்ரூக்க பாலம், அல்லது அதற்கும் மேலே இருக்கும் சரிவு. அங்கே நின்றால் கோட்டைக்குப் பின்னால் சமவெளியும் ஏரிகளும் விரிந்து கிடக்கும். அந்தச் சமவெளி முடியும் கோடு கோட்டையின் மேல்பகுதியை ஒட்டியோ கோபுரங்களின் குறுக்கேயோ போகும். அதாவது கேமரா கிட்டத்தட்டக் கோட்டையின் தலைமட்டத்தில் இருக்கிறது, தாழ்வான கூரைகளை மேலிருந்து பார்க்கிறது.

இந்தப் படத்தை வெட்டி, அண்ணாந்து பார்க்கும் முகட்டில் வைத்தால் எவ்வளவு வேலை செய்தாலும் ஒட்டாது. கீழே நிற்பவருக்கு மேலே இருக்கும் கூரையின் முதுகு எப்படித் தெரியும்? இதே கோட்டையை அடிவானக் கோட்டை ஒட்டிய ஒரு முகட்டில், அதன் கோபுரங்கள் மட்டும் அடிவானக் கோட்டைத் தாண்டி நிற்கும்படி வைத்துப் பாருங்கள். அப்படியே உட்காரும்.

அண்ணாந்து பார்க்கும் கோட்டைதான் வேண்டுமென்றால் அடிவாரத்திலிருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள். நமக்கு அதற்கு ஐரோப்பா போக வேண்டியதில்லை. செஞ்சியில் ராஜகிரி சுமார் 800 அடி உயரம், கீழே வயல்வெளியில் நின்று எடுத்தால் உச்சியிலிருக்கும் கட்டடங்கள் சரியான கோணத்தில் கிடைக்கும். என்னைக் கேட்டால் கற்பனைப் படத்துக்கு அந்த உருண்டைப் பாறைகள்தான் இன்னும் அழகு. நீங்களே போய் எடுத்த படம் என்றால் வெயிலும் கண்மட்டமும் உங்கள் கையில் இருக்கும்.

எந்தக் கட்டடப் படத்தையும் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கட்டடத்தின் கிடைமட்டக் கோடுகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் கோடுகள் தூரம் போகப்போகக் கீழே இறங்கும், கண்மட்டத்துக்குக் கீழே இருப்பவை மேலே ஏறும். நடுவில் எந்த ஜன்னல் வரிசை ஏறாமலும் இறங்காமலும் நேராக ஓடுகிறதோ, அதுதான் அந்தப் படத்தின் கண்மட்டம். அதன்மேல் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கண்மட்டக் கோட்டை அடிப்படைப் படத்தின் அடிவானக் கோட்டின்மேல் கொண்டுவந்து வையுங்கள். பெர்ஸ்பெக்டிவ் வேலையில் முக்கால்வாசி இதோடு முடிந்தது. எல்லாக் கோடுகளுமே கீழே இறங்கினால் அது அண்ணாந்து எடுத்த படம், அப்படியே அடிவானக் கோட்டுக்கு மேலே வைக்கலாம்.

அடுத்தது தூரம். பெர்ஸ்பெக்டிவைத் தீர்மானிப்பது லென்ஸ் இல்லை, கேமரா நின்ற தூரம். கோட்டைக்குப் பக்கத்தில் நின்று 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் கோடுகள் சரசரவென்று சரியும், முன்சுவர் பெரிதாகவும் பின்கோபுரம் சின்னதாகவும் இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் கோடுகள் ஏறக்குறைய இணையாகவே ஓடும். நம் எடுத்துக்காட்டில் கோட்டை பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஆகவே தூரத்திலிருந்து எடுத்த படம்தான் வேண்டும். இதில் ஒரு வசதி என்னவென்றால், தூரத்துப் படங்களில் கோணப்பிழை கொஞ்சம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புதியவர்கள் தூரத்துக் கோட்டையில் தொடங்கட்டும். வாசல் திறந்து நிற்கும் கோட்டையை முன்னால் வைக்கும் படமெல்லாம் கை பழகிய பிறகு.

டிரான்ஸ்ஃபார்மில் இருக்கும் பெர்ஸ்பெக்டிவ், டிஸ்டார்ட் ஆகியவற்றால், மேலே குவியும் கோபுரங்களைக் கொஞ்சம் நிமிர்த்தலாம். ஒரு கூரையின் மறைந்த பக்கத்தை அவற்றால் கொண்டுவர முடியாது.

நிலாவின் அளவு

வானத்தில் நிலாவும் சூரியனும் ஏறக்குறைய அரை டிகிரி அகலம்தான். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் 36 மி.மீ. அகலம்) 6000 பிக்சல் அகலப் படம் என்றால், 24 மி.மீ. லென்ஸில் நிலா சுமார் 35 பிக்சல், 50 மி.மீ.-இல் சுமார் 75, 200 மி.மீ.-இல் சுமார் 300. பெரிய நிலா வேண்டும், ஆனால் நம் உலகத்து நிலாவாகவே தெரிய வேண்டும் என்றால், அடிப்படைப் படமும் நீண்ட லென்ஸில் எடுத்ததாக இருக்கட்டும். அகலமான நிலக்காட்சியில் ராட்சத நிலா வைத்தால் அது வேற்றுலகம் என்று பார்க்கிறவர் புரிந்துகொள்வார். அதுவும் நல்லதுதான், தெரிந்தே செய்ய வேண்டும்.

அளவில் சலுகை எடுத்துக்கொள்ளலாம், வெளிச்சத்தில் கூடாது. நிலாவின் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும். முழுநிலா என்றால் சூரியன் நமக்கு முதுகுப்பக்கம். மறையும் சூரியன் படத்துக்குள்ளேயே தெரிகிறது என்றால், அதற்குப் பக்கத்தில் மெல்லிய பிறைதான் வர முடியும். அஸ்தமன வானத்தில் சூரியனையும் முழுநிலாவையும் அருகருகே வைக்கும் படங்கள் ஏராளம், அவை பொய்யாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இன்னொன்று: நிலாவின் இருண்ட பகுதி தன்னைச் சுற்றியிருக்கும் வானத்தைவிடக் கருப்பாக இருக்காது, ஏனென்றால் வானத்தின் ஒளி நமக்கும் நிலாவுக்கும் நடுவில் இருக்கிறது. நிலா லேயரை ஸ்கிரீன் மோடில் வைத்தால் இது தானாகவே சரியாகும். இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் தெரிந்தால் அழித்துவிடுங்கள்.

வெயில் எந்தப் பக்கம்

இனி வெளிச்சம். ஒவ்வொரு படத்திலும் மூன்று கேள்விகள்: எங்கிருந்து வருகிறது, நிழலின் ஓரம் கூர்மையா மங்கலா, என்ன நிறம்.

சூரியன் படத்துக்குள் இருந்தால் நிழல்களின் திசையைக் கோடு போட்டே கண்டுபிடிக்கலாம். சூரியனிலிருந்து நேர்கீழே அடிவானக் கோட்டுக்கு ஒரு கோடு இறக்குங்கள். சமதரையில் செங்குத்தாக நிற்கும் எல்லாப் பொருட்களின் நிழலும் அந்தப் புள்ளியிலிருந்து விரிந்து நம்மை நோக்கி வரும். சூரியன் முதுகுக்குப் பின்னால் என்றால் நிழல்கள் நம்மைவிட்டு விலகி, எதிர்ப்பக்கத்தில் அடிவானத்தின் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். படத்தின் இடவிளிம்பில் ஒரு மரத்தின் நிழலும் வலவிளிம்பில் இன்னொன்றின் நிழலும் இணையாக ஓடினால் தப்பு என்று வைத்துக்கொள்ளலாம், சூரியன் சரியாகப் பக்கவாட்டில் இருந்தால் தவிர.

நீளமும் கணக்குத்தான். சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழல் பொருளின் உயரத்துக்குச் சமம். 30 டிகிரியில் 1.7 மடங்கு, 15-இல் 3.7 மடங்கு, 10-இல் 5.7 மடங்கு.

தமிழ்நாட்டில் எடுத்த படத்தையும் ஐரோப்பியப் படத்தையும் சேர்க்கிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும், ஜன்னல் விளிம்பின் நிழல் சுவரோடு நேராகக் கீழே விழும். நாய்ஷ்வான்ஸ்டைன் பக்கம் டிசம்பர் 21 வாக்கில் நண்பகல்கூடச் சூரியன் சுமார் 19 டிகிரியைத் தாண்டாது, நிழல் கிட்டத்தட்ட 3 மடங்கு நீளம். இரண்டும் மத்தியானப் படம்தான், ஆனால் வெயில் ஒன்றே இல்லை. இன்னொன்றும் உண்டு: பாலத்திலிருந்து எடுத்த அந்தக் கோட்டைப் படத்தில் கேமரா வடக்கே பார்க்கிறது. நண்பகல் வெயில் கேமராவின் முதுகிலிருந்து, காலை வெயில் வலப்பக்கமிருந்து, மாலை வெயில் இடப்பக்கமிருந்து வரும். நம் பள்ளத்தாக்கில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் மறைகிறது என்றால் அந்தக் கோட்டைப் படங்களில் பெரும்பாலானவை உதவாது.

பக்கம் மட்டும் மாறியிருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம். எழுத்தோ எல்லோரும் அறிந்த கட்டடமோ இல்லையென்றால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

புதியவர்களுக்கு நான் மறுபடி மறுபடி சொல்வது: ஒட்டப்போகும் பொருளை மேகமூட்டமான நாளில் எடுத்த படங்களிலிருந்து தேர்ந்தெடுங்கள். பளிச்சென்ற வெயிலில் எடுத்த சுவரில் ஏற்கெனவே கூர்மையான நிழல்கள் பதிந்திருக்கும். அவற்றை அழித்துவிட்டு வேறு பக்கமிருந்து வெயில் போடுவது அனுபவசாலிகளுக்கே பெரும்பாடு. மேகமூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழுந்திருக்கும், அதன்மேல் நாம் விரும்பும் பக்கமிருந்து வெயிலைத் தீட்டிக்கொள்ளலாம். மூலப்படமாகப் பார்க்கும்போது சப்பென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

சுவர் சுவராகத் தீட்டுவது

மேகமூட்டக் கோட்டை இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தாக்கில் சூரியன் இடப்பக்கம் தாழ்வாக இருக்கிறது. இப்போது கோட்டைக்கு மட்டும் கிளிப் செய்த (கோட்டை லேயரை மட்டுமே பாதிக்கும்) இரண்டு கர்வ்ஸ் லேயர் போடுங்கள், ஒன்று இருட்டாக்க, ஒன்று வெளிச்சமாக்க. இரண்டின் மாஸ்க்கையும் கருப்பால் நிரப்புங்கள்.

உடனே பிரஷை எடுக்காதீர்கள். முதலில் பாலிகன் லாசோவால் (நேர்கோடுகளால் வளைத்துத் தேர்வு செய்யும் கருவி) சூரியனுக்கு முதுகைக் காட்டும் சுவர்களையெல்லாம் முழுசு முழுசாகச் செலக்ட் செய்து, இருட்டு மாஸ்க்கில் வெள்ளை நிரப்புங்கள். அப்புறம் சூரியனைப் பார்க்கும் சுவர்களை வெளிச்ச மாஸ்க்கில் நிரப்புங்கள். இரண்டும் இல்லாமல் பக்கவாட்டில் வெயில் வாங்கும் சுவர்களை நடுத்தரமாக விடுங்கள். இந்த நிலையில் கோட்டை அட்டைப்பெட்டிபோல இருக்கும், ஆனால் தூர நின்று பார்த்தால் வெயில் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரியும். அது தெரிந்த பிறகுதான் பிரஷ்.

வட்டமான கோபுரத்தில் வெளிச்சம் சூரியனை நேராகப் பார்க்கும் இடத்தில் அதிகமாக இருந்து படிப்படியாகக் குறையும். மிகவும் இருட்டான பகுதி கோபுரத்தின் கடைசி ஓரமாக இருக்காது, அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். ஓரத்தில் வானத்தின் ஒளி பட்டு லேசான நீலம் ஏறும். பிறகு விழும் நிழல்கள்: கோபுரத்தின் நிழல் பக்கத்துக் கூரையில், கூரையின் நிழல் சுவரில். கூர்மைக்கும் ஓர் அளவு உண்டு. சூரியன் அரை டிகிரி அகலம் என்பதால், நிழலை உண்டாக்கும் விளிம்புக்கும் நிழல் விழும் பரப்புக்கும் இடையே 1 மீட்டர் தூரம் இருந்தால் நிழலோரம் சுமார் 9 மில்லிமீட்டர் மங்கும், 10 மீட்டர் என்றால் சுமார் 9 சென்டிமீட்டர். அதனால் தரையில் ஓர் ஆளின் நிழல் பாதத்தருகே கூர்மையாகத் தொடங்கித் தலைப்பக்கம் மங்க வேண்டும். நிழல் லேயர் முழுவதற்கும் ஒரே பிளர் கொடுப்பது இதனால்தான் பொருந்துவதில்லை.

நிறத்தை விட்டுவிடாதீர்கள். நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மறையும் சூரியன் 2000 முதல் 3000, நீலவானம் மட்டும் வெளிச்சம் தரும் நிழற்பகுதி 7000-க்கும் மேல். சாயங்காலத்தில் வெயில் பட்ட இடம் ஆரஞ்சு, நிழல் நீலம். கருப்பு நிறத்தை மல்டிப்ளையில் தீட்டி நிழல் என்று சொல்லிக்கொண்டால் படம் செத்துப்போகும். அடிப்படைப் படத்திலேயே ஒரு நிழற்பகுதியை ஐட்ராப்பரால் தொட்டு, அந்த நிறத்தை எடுத்துத் தீட்டுங்கள்.

தூரத்தின் மூட்டம்

கோட்டை தூரத்தில் இருப்பதாக நம்பவைப்பது காற்று. நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று, சூரிய ஒளியில் சிவப்பைவிட நீலத்தை அதிகம் சிதறடிக்கிறது. அந்தச் சிதறல் ஒளி தூரத்துப் பொருளின்மேல் ஒரு திரையாகப் படிகிறது. திரை முதலில் கெடுப்பது கருப்பை. வெள்ளையான இடங்கள் அவ்வளவு மாறுவதில்லை, இருட்டான இடங்கள் வெளுத்து நீலமாகின்றன. ஆகவே தூரத்துக் கோட்டைக்கு ஒப்பாசிட்டியைக் குறைப்பது வழியில்லை. அப்படிச் செய்தால் பின்னால் இருக்கும் வானம் சுவருக்குள்ளே தெரியும்.

செய்ய வேண்டியது இது. கோட்டை நிற்கும் முகட்டிலேயே, அதே தூரத்தில், மிகவும் இருட்டான இடத்தை ஐட்ராப்பரால் பாருங்கள். எடுத்துக்காட்டாகச் சிவப்பு 92, பச்சை 104, நீலம் 124 என்று வருகிறது. கோட்டையின் இருட்டான இடமோ 12, 10, 9 என்று இருக்கிறது. கோட்டைக்குக் கிளிப் செய்த லெவல்ஸ் லேயரில், ஒவ்வொரு நிறச் சானலுக்கும் தனித்தனியாகப் போய், கீழே இருக்கும் அவுட்புட் பட்டையின் கருப்பு முனையை முறையே 92, 104, 124-க்கு நகர்த்துங்கள். அதே முகட்டில் வெயில் பட்ட பாறை 196, 178, 158 என்றால் வெள்ளை முனையையும் அதற்கேற்பக் கீழே கொண்டுவாருங்கள். கோட்டை சட்டென்று அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கணம் இது. மூன்று எண்களை மாற்றியதும் ஒரு கட்டடம் சில கிலோமீட்டர் பின்னால் நகர்கிறது.

மூட்டம் பள்ளத்தில் அதிகமாகத் தேங்கும். ஆகவே கோட்டையின் அடிப்பகுதி கொஞ்சம் கூடுதலாக வெளுத்திருக்கட்டும், கோபுர உச்சி சற்றுத் தெளிவாக. கோட்டையின் அடிப்பாகத்துக்கு முன்னால் மூலப்படத்தின் மரங்களில் சிலவற்றை மாஸ்க் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தால் அது நிலத்தில் ஊன்றி நிற்கும். சூரியனைப் பார்த்து எடுத்த படத்தில் மூட்டம் நீலமாக இருக்காது. சூரியனைச் சுற்றி வெளிச்சமாகவும் மஞ்சளாகவும் இருக்கும், பக்கவாட்டில் விலக விலக நீலத்துக்கு மாறும்.

விளக்கோடு நிற்பவர்

முன்னால் பாறையில் நிற்பவருக்கு உயரக் கணக்கு மேலே சொன்னதுதான். அவருக்கு இரண்டு வெளிச்சம்: வானமும் விளக்கும். விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. அதனால் விரல், சட்டையின் பக்கம், முகத்தின் கீழ்ப்பகுதி, காலடிப் பாறை ஆகியவற்றில் ஆரஞ்சு ஒளி படியட்டும், இரண்டு மூன்று மீட்டரில் கரைந்துவிடட்டும். எதிர்மலையில் விளக்கு வெளிச்சம் படாது.

விளக்கு எரிவதாகத் தெரிய வானம் போதுமான அளவு இருண்டிருக்க வேண்டும். நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும், ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டரில் கொடுப்பது சுமார் ஒரு லக்ஸ். வெயில் பாறையில் விழும்போது விளக்கொளியைத் தீட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். சூரியன் மறைந்த பிறகு எடுத்த படத்தை அடிப்படையாக வையுங்கள். அந்த நேரம் நம் பக்கத்தில் குறைவு. சென்னையின் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்த பிறகு அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி போக மார்ச், செப்டம்பர் வாக்கில் ஏறக்குறைய 21 நிமிஷம்தான். பவேரியாவில் அதற்குச் சுமார் 30 நிமிஷம் கிடைக்கும். கேமராவை முன்கூட்டியே நிறுத்திவைத்துக் காத்திருங்கள்.

பாதம் பாறையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய, ஏறக்குறைய கருப்பான கோடு வேண்டும். எந்த வெளிச்சமும் நுழையாத இடுக்கு அது. அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார்.

முடிக்கும் முன்

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருப்பு வெள்ளை அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டுப் பாருங்கள். நிறம் போனதும் எந்தத் துண்டு அதன் தூரத்துக்குப் பொருந்தாமல் இருட்டாகவோ பளிச்சென்றோ நிற்கிறது என்பது தெரிந்துவிடும். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டாம்ப் அளவுக்குச் சின்னதாக்கியும் பாருங்கள்.

கூர்மையும் நாய்ஸும் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) ஒத்துப்போக வேண்டும். கோட்டை கத்திபோலக் கூர்மையாகவும் பக்கத்து மரம் மங்கலாகவும் இருந்தால் கோட்டைக்கு ஒரு பிக்சல் அளவுக்கு காஸியன் பிளர் கொடுங்கள். கடைசியாக, 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரில் நாய்ஸ் சேர்த்து, ஓவர்லே மோடில் படம் முழுவதன்மேலும் லேசாகப் படரவிடுங்கள்.

வெளியிடும்போது எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான வண்ண அமைப்பு) வண்ணத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் போனில் நிறம் மங்கித் தெரியலாம். பிறர் எடுத்த படத்துண்டுகளைப் பயன்படுத்தியிருந்தால் ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்துப் பாருங்கள். விக்கிமீடியா காமன்ஸில் இருக்கும் படங்கள் பலவற்றுக்கு எடுத்தவரின் பெயரைப் போட்டாக வேண்டும். சிலவற்றை வைத்துச் செய்த படத்தை அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று லேயரின் பெயரிலேயே எழுதிவைத்தால் பிறகு தேடி அலைய வேண்டியிருக்காது.